ஆவுடைக்கோட்டை இளையதுரை

ஓமானில், சலாலா கேம்பில் எனக்கு மேல்கட்டிலில் எட்டு வருடம் படுத்திருந்தவர் ஒரு ராஜாவின் இரண்டாவது மகன். அது எனக்குத் தெரியவந்தது ஏழாவது வருடத்தில்தான்.

அவர் பெயர் விஜயபாஸ்கர். ஹோட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஏசி பராமரிக்கும் கம்பெனி எங்களுடையது. அவர் ஃபோர்மேன், நான் ஸ்டோர்கீப்பர். சைட்டில் எல்லாரும் அவரை பாஸ்கர் பாய் என்பார்கள், நான் அண்ணே என்பேன். ஊர் ராமநாதபுரம் பக்கம், மனைவி உமாராணி மதுரையில் டீச்சர், ஒரே மகள் பானுப்பிரியா கல்லூரியில் படிக்கிறாள். அவ்வளவுதான் சொல்லியிருந்தார். அதிகம் பேசமாட்டார், யாரையும் அதட்டமாட்டார். தன் தட்டைத் தானே கழுவி வைப்பார்.

ஒரே ஒரு விநோதம் உண்டு. சாயங்காலம் நான் ஸ்டோரைப் பூட்டப் போகும்போது எங்கிருந்தாலும் வந்துவிடுவார். உள்ளே எட்டிப் பார்த்து, "யாராவது இருக்கீங்களா" என்று தமிழில் ஒரு தடவையும் இந்தியில் ஒரு தடவையும் கேட்பார். கொஞ்சம் காத்திருப்பார். பிறகுதான் பூட்டச் சொல்வார். உள்ளே காப்பர் பைப்பும் ஃபில்டரும் தவிர வேறு எதுவும் இருக்காது. இங்கே வருவதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் சேஃப்டி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

2019 ஜூன் கடைசியில் எங்கள் ரூமுக்கு மூன்றாவது ஆள் வந்தார். சவூதியில் தம்மாம் கிளையிலிருந்து மாற்றலாகி வந்த எலெக்ட்ரீஷியன். பெயர் ரெங்கராஜ், வயது நாற்பத்து மூன்று. கதவைத் திறந்து பெட்டியைக் கீழே வைத்தார். கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த பாஸ்கர் அண்ணனைப் பார்த்தார். அப்படியே இரண்டடி பின்னால் போய், செருப்பை வராந்தாவில் கழற்றிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இளையதுரை" என்றார்.

அண்ணன் கட்டிலிலிருந்து இறங்கினார். முகம் வெளுத்துவிட்டது. "நீங்க யாரு?"

"ஆவுடைக்கோட்டைதான் துரை. நான் அரண்மனைக் காவக்காரர் இருளப்பன் மகன்."

அண்ணன் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது ஓடிக்கொண்டே இருந்தது.

மீதியை ரெங்கராஜ்தான் எனக்குச் சொன்னார். ஆவுடைக்கோட்டை ஒரு காலத்தில் நாற்பது ஊரை ஆண்ட ஜமீன். சட்டம் ஜமீனை எடுத்துவிட்டாலும் அரண்மனை இருந்தது, நிலம் இருந்தது, கோயில் திருவிழாவில் முதல் மரியாதை இருந்தது. இவருடைய அப்பா, பெரியவர், 1996ல் இறந்ததும் மூத்த மகன் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். இரண்டாவது மகனுக்கு ஒரே வேலை, மூத்தவர் கும்பிடும்போது அவருடைய வாளைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நிற்பது. ஏழு வருடம் அப்படி நின்றார். ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்திருந்தார். அரண்மனைப் பிள்ளைக்கு அது எதற்கு என்று ஊரே சிரித்ததாம். 2003 திருவிழா முடிந்த மறுநாள் வாளை உறையோடு கோயில் படியில் வைத்துவிட்டு பம்பாய் ரயில் ஏறினார். பங்கு கிடைக்காத கோபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"அதுதானாண்ணே?" என்று நான் மறுநாள் கேட்டேன்.

"அப்படியே இருக்கட்டும் சேது" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் ரூம் பழைய ரூமாக இல்லை. அண்ணன் உட்கார்ந்திருந்தால் ரெங்கராஜ் உட்காரமாட்டார். அண்ணன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தட்டெடுப்பார். தட்டை அண்ணன் கழுவப் போனால் பிடுங்கிக்கொள்வார். "நீங்க என்னைவிட சீனியர் எலெக்ட்ரீஷியன், உங்க சம்பளம் என் சம்பளம்தான். உட்காருங்க" என்று அண்ணன் கெஞ்சுவார். "பழகிப்போச்சு துரை" என்பார் ரெங்கராஜ். அந்த மரியாதை ஒவ்வொன்றும் அண்ணன்மேல் அடியாக விழுவதை நான் பார்த்தேன். ஏன் என்று புரியவில்லை.

ரெங்கராஜுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கே வயசான தமிழ் ஆளைப் பார்த்தாலும் நின்று விசாரிப்பார். மீன் மார்க்கெட்டில், இளநீர்க் கடையில், கிளினிக் வரிசையில். "ஐயாவுக்கு எந்த ஊரு? இருளப்பன்னு யாரையாச்சும் தெரியுமா? வலது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும்." தம்மாமில் பன்னிரண்டு வருடம், அதற்கு முன்னால் பஹ்ரைன், பர் துபாய் என்று போன இடமெல்லாம் இதையே கேட்டிருக்கிறார். 1982ல், இவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது, அப்பா காணாமல் போயிருக்கிறார். பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறி கல்ஃபுக்குப் போய்விட்டதாக அரண்மனையிலிருந்து சொன்னார்கள். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் இருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். ஊர் நம்பியது.

"ஒரு கடுதாசி கூட வரலையா?" என்றேன்.

"வரல. ஆனா அம்மா தாலியக் கழட்டல. என்னிக்காவது ஒரு நாள் வருவாருன்னுதான் இருக்கு."

இதை அவர் சொன்னபோது அண்ணன் பனியனைத் துவைத்துக்கொண்டிருந்தார். துவைத்த பனியனையே திரும்பத் திரும்பக் கசக்கினார்.

காரீஃப் மழைக்காலம் தொடங்கிவிட்டது. வளைகுடா முழுக்க வெயில் கொளுத்தும் மாதங்களில் சலாலாவில் மட்டும் மலையிலிருந்து மூடுபனி இறங்கும், நாளெல்லாம் தூறும். ஏசியை யாரும் போடமாட்டார்கள். ஆனால் ஹோட்டல்கள் நிரம்பி வழியும், ஏசி காற்று போகும் தகரக் குழாயான டக்டுக்குள் ஈரம் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும், அதைச் சுத்தம் செய்வதுதான் எங்களுக்கு வேலை. அப்படி ஒரு ஹோட்டலுக்கு நான் சாமான் கொண்டுபோயிருந்தேன். காலை பதினோரு மணி. அண்ணன் ஏணியில் நின்று ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட்டிருந்தார். சட்டென்று கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தச் சொன்னார்.

"கேக்குதா?"

"என்னண்ணே?"

"தட்டுற சத்தம். மூணு தடவை, அப்புறம் ஒரு நிறுத்தம்."

மெஷின் ஓடவில்லை, மின்விசிறிகூட நின்றிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டக்டில் சத்தம் வர எத்தனை காரணம் உண்டோ அத்தனையும் அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்தார். தகடு சூட்டில் விரிவதற்கு அங்கே சூடே இல்லை. கிளாம்ப் எதுவும் தளர்ந்திருக்கவில்லை. பிறகு வரிசையாகச் சீலிங் தட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஆறு, ஏழு, எட்டு. ஹோட்டல் மேனேஜர் சுஐபு ஓடிவந்து, "பாஸ்கர் பாய், என்ன செய்றீங்க, கெஸ்ட் இருக்காங்க" என்றார். அண்ணன் காதில் ஏறவில்லை. கடைசித் தட்டைக் கழற்றி இருட்டுக்குள் பார்த்து, "யாராவது இருக்கீங்களா" என்றார்.

ஸ்டோர் வாசலில் தினமும் கேட்ட அதே குரல்.

அதற்கடுத்த வாரம் அவர் மூன்று சைட்டில் அப்படிச் செய்தார். சாப்பாடு குறைந்தது, கண் குழிவிழுந்தது. டாக்டர் காதில் எந்தக் கோளாறும் இல்லை என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ரெங்கராஜ் ஊருக்கு வீடியோ கால் போட்டார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, எழுபத்தாறு வயது. பேசிக்கொண்டே ஃபோனை அண்ணன் முகத்துக்கு நேரே திருப்பினார். "எங்க அம்மா மாரியம்மாள், துரை. உங்களைப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம்."

திரையில் ஒரு ஒடுங்கிய முகம். கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது. படுத்தபடியே இரண்டு கையையும் கூப்பினார்.

"நல்லா இருக்கீங்களா சாமி. நீங்க நாலு நாடு போறவுக. அவரு கண்ணுல பட்டா ஒரு வார்த்தை சொல்லணும். அன்னிக்குக் காலையில சண்டையில கஞ்சி ஊத்தாம அனுப்பிட்டேன். அந்தக் கோவத்துலதான் போயிட்டாரு. மாரிக்கு இப்பக் கோவம் இல்லைன்னு சொல்லுங்க. மாரின்னுதான் கூப்பிடுவாரு."

அண்ணன் கையிலிருந்த டீ கிளாஸ் தரையில் விழுந்து உடைந்தது. அந்த அம்மா பதறி, "என்ன சாமி, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரெங்கராஜ் ஃபோனை வாங்கிக்கொண்டார்.

அண்ணனுக்குக் காற்று வேண்டும் என்று நான்தான் கம்பெனி பிக்கப்பை எடுத்தேன். மூவரும் முக்ஸைல் போனோம். சலாலாவுக்கு மேற்கே, மலை கடலுக்குள் இறங்கும் இடம். அங்கே பாறையில் துளைகள் இருக்கும், மேலே இரும்புக் கம்பி வலை போட்டிருப்பார்கள். காரீஃப் கடல் அடியில் புகுந்து அந்தத் துளை வழியாகப் பீறிட்டு அடிக்கும். தண்ணீர் வருவதற்கு முன் பாறைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வரும், யாரோ உள்ளேயிருந்து மோதுவதுபோல. சுற்றிலும் ஓமான் குடும்பங்கள் குழந்தைகளோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெங்கராஜ் கம்பி வலைமேல் குனிந்து பார்த்தார். அடியில் சத்தம் கேட்டது. அண்ணன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் ஈரப் பாறையில் விழுந்தார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே, அந்தத் தூறலில், சொன்னார்.

"உங்க அப்பா எங்கேயும் போகல, ரெங்கராஜ். எங்க வீட்டுக்குள்ளதான் இருக்காரு."

அரண்மனையில் கச்சேரி அறை என்று ஒன்று, பெரியவர் கணக்குப்பிள்ளைகளோடு உட்காரும் இடம். அதன் தரைக்கு அடியில் பழைய காலத்தில் நெல் கொட்டிவைத்த நிலவறை, மேலே தேக்குப் பலகை மூடி. 1982ல், நிலஉச்சவரம்புச் சட்டத்தில் அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். யார் யார் பெயரிலோ எழுதிவைத்திருந்த நிலமெல்லாம் உண்மையில் அரண்மனையுடையது என்று காவல்காரர் இருளப்பன் அதிகாரியிடம் சொல்லிவிட்டார். கேட்டார்கள், உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து அண்ணன் அந்த அறையில் விளையாடிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு ஏழு வயது. பலகைக்கு அடியில் மூன்று தடவை தட்டும் சத்தம் கேட்டது. பலகைமேல் அதுவரை அங்கே இல்லாத பெரிய மரப்பெட்டி ஒன்று இருந்தது.

"அப்பாகிட்டப் போய்ச் சொன்னேன். அவர் மதுரைக்குக் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கிட்டிருந்தார். எலின்னு சொல்லிட்டு கார்ல ஏறிட்டார். எங்க அண்ணன்கிட்டச் சொன்னேன். அவருக்குப் பதிமூணு வயசு. அதான் அப்பா எலின்னாருல்லன்னு என் காதைத் திருகினார். அப்பா திரும்பி வர மூணு நாள் ஆச்சு. மிரட்டத்தான் உள்ள வச்சாரோ, வேற எண்ணமோ, எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அந்த அறை முழுக்க சிமெண்ட் போட்டுட்டாங்க."

ரெங்கராஜ் அசையவில்லை. மழை அவர் முகத்தில் வழிந்தது.

"எத்தனை நாள் தட்டினாரு?"

"ரெண்டு நாள்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"எலின்னு நினைச்சுக்கிட்டேன். காதைப் பொத்திக்கிட்டேன். உள்ளேயிருந்து மாரி, மாரின்னு ஒரு குரல் கேட்டது. சாமியைக் கூப்பிடுறாங்கன்னு நினைச்சேன். உங்க அம்மா இன்னிக்குச் சொன்னப்பதான்..."

"பெரியாளா ஆனதுக்கு அப்புறம்?"

"பதினாலு வயசுல புரிஞ்சுது. இருளப்பன் கல்ஃபுக்குப் போனதாச் சொன்ன வாரமும் அந்தச் சத்தம் கேட்ட வாரமும் ஒண்ணுன்னு. அப்புறம் முப்பது வருஷம் வாயத் திறக்கல."

நான் ரெங்கராஜ் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அண்ணனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ரெங்கராஜ் அவருக்கு எதிரே, அதே பாறையில், சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவர் அண்ணனுக்குச் சமமாக உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு, "லீவு போடுங்க. எங்க அம்மா உசுரோட இருக்கும்போதே வந்து சொல்லணும்" என்றார்.

பதினாறு வருடம் கழித்து அண்ணன் ஆவுடைக்கோட்டைக்குப் போனார். முதலில் மதுரையில் இறங்கி மனைவியிடமும் மகளிடமும் சொன்னார். உமாராணி கேட்ட ஒரே கேள்வி, "இத்தனை வருஷம் எனக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு இதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தீங்களா?"

அரண்மனையை ஹோட்டலாக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. கச்சேரி அறையில் டைல்ஸ் ஒட்டச் சரக்கு வந்து இறங்கியிருந்தது. மூத்தவர் தம்பியை வாசலிலேயே நிறுத்தினார். அப்பா பெயரைக் கெடுக்க அரேபியாவிலிருந்து வந்தாயா என்றார். அண்ணன், "உங்களுக்கும் கேட்டதுதானே" என்றார். மூத்தவர், "அது எலிதான்டா" என்றார்.

அண்ணன் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷனில் நாற்காலி போட்டார்களாம், அரண்மனைப் பிள்ளை என்று. நின்றுகொண்டே எழுதினார். வக்கீல்கள் வந்தார்கள், தடை வாங்கப் பார்த்தார்கள், ஒரு மாதம் இழுத்தது. கடைசியில் வருவாய்த்துறை ஆர்.டி.ஓ. முன்னிலையில் சிமெண்டை உடைத்துப் பலகையைத் தூக்கினார்கள். எலும்புகள் சுவரோரம் உட்கார்ந்த நிலையில் இருந்தன. திருப்பிப் போட்ட பலகையின் அடிப்பக்கத்தில், ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தேக்கு குழிந்துபோயிருந்தது. ரெங்கராஜ் அந்தக் குழிக்குள் தன் கையை வைத்துப் பார்த்ததாக அண்ணன் சொன்னார்.

அன்றைக்கே இருவரும் மாரியம்மாள் வீட்டுக்குப் போனார்கள். ரெங்கராஜ் சொல்ல முயன்று முடியாமல் வெளியே வந்துவிட்டார். அண்ணன்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எலியென்று நினைத்ததை, காதைப் பொத்தியதை, அந்தக் குரலை. கிழவி கண்ணை மூடிக் கேட்டார்.

"என்னையக் கூப்பிட்டாரா?"

"ஆமாம்மா."

"கோவமாக் கூப்பிட்டாரா?"

"இல்ல."

அந்த அம்மா தானே எழுந்து உட்கார்ந்தார். யாரையும் தொடவிடவில்லை. மஞ்சள் கயிற்றைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முப்பத்தேழு வருடம் அழாத அழுகையை அழுதார். அண்ணன் எழுந்து போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் அங்கேயே இருந்தார். போகச் சொல்லவில்லை அந்த அம்மா. மன்னித்ததாகவும் சொல்லவில்லை.

பரிசோதனையில் எலும்பு இருளப்பனுடையதுதான் என்று உறுதியானது. குற்றவாளியான பெரியவர் செத்து இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்ததால் வழக்கு அதோடு முடிந்துபோயிற்று. அந்த வருடத் திருவிழாவில் அரண்மனைக்கு முதல் மரியாதை தரக்கூடாது என்று ஊர் ஒன்றாக நின்றது. மூத்தவர் அதற்குத் தம்பியைத்தான் காரணம் சொன்னார். இன்றுவரை பேச்சு இல்லை. பானுப்பிரியா மட்டும் அப்பாவுக்கு ஃபோன் செய்து, காலேஜில் எல்லாரும் கேட்கிறார்கள், நான் ஒளிக்காமல் சொல்கிறேன் என்றாள்.

ரெங்கராஜ் கல்ஃபுக்குத் திரும்பவில்லை. "அங்க யாரைத் தேட" என்றார். அண்ணன் திரும்பினார். அடுத்த வருடம் நானும் அவரும் துபாய்க்கு மாறி, பர் துபாயில் மீனா பஜார் பக்கம் ஒரு ரூமில் சேர்ந்தோம். இப்போதும் கேட்கிறதா என்று ஒரு தடவை கேட்டேன்.

"தட்டுறது இல்ல சேது. ஆனா காது அதுக்காகக் காத்துக்கிட்டே இருக்கு. அது இன்னும் மோசம்" என்றார்.

2021 ஆகஸ்டில் ஒரு காலை என் ஃபோனுக்கு ரெங்கராஜ் கூப்பிட்டார்.

"அம்மா தவறிட்டாக சேது. தூக்கத்துலயே போயிட்டாக. அவருகிட்டச் சொல்லிரு."

"நீங்களே சொல்லுங்களேன். பக்கத்துலதான் இருக்கார்."

"துரைன்னு கூப்பிட மனசு வரல. வேற எப்படிக் கூப்பிடுறதுன்னும் தெரியல. நீயே சொல்லிரு."

சொன்னேன். அண்ணன் அன்றைக்கு டூட்டிக்குப் போகவில்லை. குளியலறைக்குப் போய்ப் போட்டிருந்த யூனிஃபார்மோடு தலைமுழுகிவிட்டு, சொட்டச் சொட்ட வந்து ரூம் நடுவில் நின்றார். சொந்தத்தில் சாவு விழுந்தால் செய்வது அது. அந்த அம்மா உங்களுக்கு என்ன உறவு என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. நான் கேட்கவில்லை, துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

துடைத்துக்கொண்டதும் என் ஃபோனை வாங்கி ரெங்கராஜுக்குப் போட்டார். அந்தப் பக்கம் எடுத்தார். பின்னால் பறைச் சத்தமும் பெண்கள் குரலும் எனக்கே கேட்டன. அண்ணன் உதட்டைத் திறந்தார், மூடினார். அங்கிருந்தும் பேச்சில்லை. இருவரும் வைக்கவும் இல்லை. அப்புறம் யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான்கு நிமிடம் என்று காட்டியது.